விஷ்ணுகிரந்தி வீட்டுத் தொட்டியில் ஏன் பட்டுப்போகிறது?

கேள்வி: எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். மழை முடிந்ததும் மேய்ச்சல் தரையில் விஷ்ணுகிரந்தி நீலமாகப் பூத்துக் கிடக்கும். இப்போது சென்னைப் புறநகரில் குடியிருக்கிறோம். ஊருக்குப் போகும்போது வேரோடு எடுத்து வந்து மாடித் தோட்டத்தில் வைத்துப் பார்த்தேன். தேங்காய் நார்த்தூளும் மண்புழு உரமும் கலந்த நல்ல கலவைதான், தினமும் தண்ணீரும் விட்டேன். ஒவ்வொரு முறையும் பட்டுப்போகிறது. நர்சரியில் அதே பெயர் சொல்லி ஒரு செடி தந்தார்கள். அது செழிப்பாக இருக்கிறது, ஆனால் பூ பெரிது. இரண்டும் ஒன்றுதானா? ஊர்ச் செடியை இங்கே வளர்க்க முடியுமா? மாடியைத் தவிர கேட் ஓரமாக நான்கடிக்கு ஆறடி இடம் இருக்கிறது, களிமண்.

பதில்: நர்சரியில் தந்தது நம்மூர் விஷ்ணுகிரந்தி அல்ல. அது பிரேசிலைச் சேர்ந்த எவால்வுலஸ் குளோமெரேட்டஸ், வியாபாரத்தில் ‘புளூ டேஸ்’ என்பார்கள். நம்முடையது எவால்வுலஸ் அல்சினாய்டிஸ். இரண்டும் ஒரே பேரினம் என்பதால் சாயல் ஒத்துப்போகும். விற்பவரும் பெரும்பாலும் தெரியாமல்தான் பெயரை ஒட்டிவிடுகிறார்.

பிரித்தறிய பூவின் அளவு ஒன்றே போதும். பிரேசில் செடியின் பூ 2 செ.மீ. குறுக்களவுக்குக் குறையாது. கிளை நுனியில், காம்பே தெரியாமல் இலைகளுக்கு நடுவே நெருக்கமாக உட்கார்ந்திருக்கும். நம்மூர்ப் பூ 6 முதல் 10 மி.மீ.தான், சட்டைப் பொத்தானை விடச் சிறியது. இலை தண்டோடு சேரும் கக்கத்திலிருந்து மயிரிழை போன்ற காம்பு ஒன்று இலையையும் தாண்டி நீண்டு, அதன் முனையில் பூ தனியாக நிற்கும். லென்ஸ் இருந்தால் கிட்ட வைத்துப் பாருங்கள். ஐந்து இதழும் ஒட்டித் தட்டையான நீலத் தட்டாக இருக்கும், நடுவில் வெளுப்பு. சூல்தண்டு இரண்டு, ஒவ்வொன்றும் நுனியில் இரண்டாகப் பிளந்து மொத்தம் நான்கு வெள்ளை இழைகளாகத் தெரியும். தண்டிலும் இலையிலும் படிந்த பட்டு ரோமம் காலை வெயிலில் வெள்ளியாக மின்னும்.

இன்னொன்றையும் ‘வெள்ளை விஷ்ணுகிரந்தி’ என்று தருவார்கள். காசு போன்ற வட்ட இலை, வெள்ளைப் பூ, தரையில் படர்ந்து கணுவுக்குக் கணு வேர் விடும். அது எவால்வுலஸ் நுமுலேரியஸ், வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து நம் புல்தரைகளில் களையாகிவிட்ட செடி. இடத்தை வேகமாகப் பிடித்துக்கொள்ளும், உள்ளே விடாதீர்கள். இணையத்தில் விஷ்ணுகிராந்தா என்று விதை விற்றாலும் கவனம் தேவை. அந்த வடமொழிப் பெயர் சங்குப்பூவுக்கும் உண்டு. வந்த விதை பயறளவில் இருந்தால் அது சங்குப்பூ. விஷ்ணுகிரந்தி விதை கடுகளவுதான்.

நர்சரிச் செடியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அது பாட்டுக்கு ஒரு தொட்டியில் பூக்கட்டும். இனி ஊர்ச் செடியின் கதைக்கு வருவோம்.

பிடுங்கி வந்தது ஏன் பிழைக்கவில்லை?

வெளியே தெரிவது விரல் நீளக் கொடிகள்தான். உள்ளே மரம்போல் இறுகிய அடிக்கட்டையும், சரளைக்குள் இறங்கிய ஆணிவேரும் இருக்கின்றன. கோடையில் மேலே உள்ளதெல்லாம் காய்ந்து, அடுத்த மழைக்குத் திரும்பத் துளிர்ப்பது அந்த அடிக்கட்டையிலிருந்துதான். பிடுங்கும்போது ஆணிவேர் எங்காவது அறுந்துவிடும், நீர் உறிஞ்சும் பொடிவேர்கள் மண்ணோடு நின்றுவிடும். முற்றிய செடிக்கு இந்தக் காயம் எளிதில் ஆறாது.

காயம்பட்ட வேரை நார்த்தூளில் வைத்துத் தினமும் தண்ணீர் விட்டது அடுத்த அடி. நார்த்தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். தக்காளிக்கும் கீரைக்கும் அது வரம். மழை பெய்த மறுநாளே மேல்மண் காய்ந்துவிடும் சரளைத் தரையில் பழகிய செடிக்கு அது சதுப்பு நிலம். வேர்க்கழுத்து அழுகி, இலை வாடும். வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் விடுவோம். இந்தச் செடியை வீட்டில் கொல்வது பெரும்பாலும் அக்கறைதான்.

ஆகவே செடியாக எடுக்காதீர்கள், விதையாக எடுங்கள். ஊரில் அது குறையாமல் இருக்கவும் அதுவே வழி. நாட்டு மருந்துக்காக இதைச் சமூலமாக, அதாவது வேர் முதல் பூ வரை முழுச்செடியாகப் பிடுங்குகிறார்கள். நாமும் சேர்ந்துகொள்ள வேண்டாம். காப்புக்காட்டுக்குள் விதையும்கூட எடுக்கக்கூடாது, சட்டப்படி குற்றம். சொந்த வரப்பு, பட்டா நிலம், தெரிந்தவர் தோட்டம் போதும்.

விதை எடுப்பது

பூத்து உதிர்ந்ததும் காம்பு கீழ்நோக்கி வளையும். அதன் நுனியில் மிளகை விடச் சிறிய உருண்டைக் காய். பச்சையாக இருக்கும்போது பறித்தால் விதை தேறாது. வைக்கோல் நிறத்துக்கு வந்து, விரலால் தொட்டால் கடினமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். இன்னும் இரண்டொரு நாள் விட்டால் நான்காக வெடித்து விதை சிந்திவிடும். ஒரு காயில் நான்கு விதை வரை இருக்கும். ஒரே செடியை மொட்டையடிக்காமல், ஐந்தாறு செடியில் நான்கைந்து காய் வீதம் எடுத்தால் வீட்டுத் தேவைக்கு மிஞ்சும். காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, காயை விரலால் நசுக்கி ஊதினால் உமி பறந்து விதை நிற்கும்.

தை, மாசியில் ஊருக்குப் போனால் முற்றிய காய் நிச்சயம் கிடைக்கும். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் காய்ந்த சமூலத்தில் காய் ஒட்டியிருந்தால் அதிலிருந்தும் விதை எடுத்துப் பார்க்கலாம். எத்தனை வருடச் சரக்கு என்பது கடைக்காரருக்கே தெரியாது என்பதால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

முளைக்க வைப்பது

விதைத்தவர்கள் பலர் ‘முளைக்கவே இல்லை’ என்று கைவிடும் இடம் இது. தாளிக் கொடி, சங்குப்பூ போலவே இதன் விதைத்தோலும் நீர் புகாதது. அப்படியே போட்டால் ஒன்றிரண்டு முளைக்கும், மற்றவை மாதக்கணக்கில் மண்ணிலேயே கிடக்கும். மழை ஏமாற்றும் வறண்ட நிலத்தில் எல்லாம் ஒரே நாளில் முளைத்துச் சாகாமல் இருக்கச் செடி வைத்திருக்கும் ஏற்பாடு அது. தொட்டியில் நமக்கு அது உபத்திரவம்.

120 எண் உப்புத்தாள் இரண்டு துண்டு எடுங்கள். ஒன்றின் மேல் விதைகளைப் பரப்பி, மற்றதை மேலே வைத்து, உள்ளங்கையால் லேசாக அழுத்தி இருபது முப்பது தடவை வட்டமாகத் தேயுங்கள். விதையின் பளபளப்புப் போய் மங்கினால் போதும். உள்ளிருக்கும் வெள்ளைப் பருப்பு தெரிந்தால் அதிகமாகத் தேய்த்துவிட்டீர்கள். பிறகு இரவு முழுக்க நீரில் ஊறவையுங்கள். காலையில் பார்த்தால் சில விதைகள் உப்பி ஒன்றரை மடங்காகியிருக்கும், சில அப்படியே இருக்கும். உப்பியவை நீர் குடித்தவை, அவற்றை அன்றே விதையுங்கள். உப்பாதவற்றைத் துடைத்து, மறுபடி தேய்த்து, மறுபடி ஊறவையுங்கள். உப்பியதைத் திரும்பக் காயவைத்து ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று வைத்தால் அது வீண்.

உப்புத்தாள் இல்லையென்றால் வெந்நீர். கொதிக்கவிட்டு இறக்கி, ஐந்து நிமிடம் கழித்து ஒரு டம்ளரில் ஊற்றி, விதையைப் போட்டு அப்படியே ஆறவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் விதை வெந்துவிடும். எங்கள் சிபாரிசு உப்புத்தாளுக்குத்தான். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

நேராகத் தொட்டியில் விதைப்பதைவிட, ஆணிவேர் கலையாமல் நடுவதற்குத் தோதாகச் செய்தித்தாள் குழாயில் விதைப்பது நல்லது. பழைய தாளை 4 செ.மீ. குறுக்களவு, 8 முதல் 10 செ.மீ. உயரத்துக்குச் சுருட்டி, அடியை மடித்து, ஒரு தட்டில் நெருக்கமாக நிறுத்துங்கள். சலித்த செம்மண்ணும் மணலும் சம அளவு போட்டு நிரப்புங்கள். உரம் வேண்டாம். குழாய்க்கு மூன்று விதை, மேலே 2 அல்லது 3 மி.மீ. மணல். மணல் மூடாவிட்டால் எறும்பு இழுத்துக்கொண்டு போகும், கைத்தெளிப்பானின் நீரே விதையை ஓரத்துக்குத் தள்ளிவிடும். மேலேயிருந்து ஊற்றாமல் தட்டில் அரை அங்குலம் தண்ணீர் விட்டு, அது ஊறி மேலே வந்ததும் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஒரு வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வாரம் வரை விட்டு விட்டு முளைக்கும். முளைவிட்ட நாளிலிருந்தே காலை வெயில் படட்டும். நிழலில் வைத்தால் தண்டு வெளிறி நீண்டு, மண்மட்டத்தில் கறுத்துச் சாயும், அதுதான் நாற்றழுகல். சாய்ந்த குழாயை உடனே அப்புறப்படுத்துங்கள். பக்கத்துக் குழாய்களுக்கு இரண்டு நாள் தண்ணீர் நிறுத்துங்கள். மருந்து அடித்துச் சாய்ந்த நாற்றை மீட்க முடியாது.

சென்னையில் புரட்டாசி நடுவில் விதைத்து, நாற்றுகளை மழை நேராக அடிக்காத, ஆனால் வெயில் படும் இடத்தில் வைத்திருந்து, ஆறு இலை வந்ததும் நடுவது பொருத்தம். ஐப்பசி, கார்த்திகையின் அடைமழை பொடி நாற்றைக் கரைத்துவிடும் என்பதால்தான் இந்தக் கணக்கு. கோவை, தென்காசிப் பக்கம் இருப்பவர்கள் ஆனி, ஆடிச் சாரலிலும் தொடங்கலாம்.

குச்சி வெட்டி வைத்தால் வராதா என்பவர்களுக்கு: பிரேசில் செடி சுலபமாக வேர் பிடிக்கும். இது இளந்தளிர் நுனியை ஈர மணலில் வைத்து மூடி வைத்தால் சிலது வரும். கோடையைத் தாண்டவைக்கும் அடிக்கட்டை அதில் உருவாக நாளாகும். விதைச் செடிதான் உறுதி.

தொட்டியும் மண்ணும்

12 அங்குல அகலம், குறைந்தது 8 அங்குல ஆழம் உள்ள மண் தொட்டி எடுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி சித்திரை வெயிலில் ஓரமாக ஓடும் வேரைச் சுட்டுவிடும். அடியில் மூன்று துளையாவது வேண்டும். இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள், இல்லையென்றால் தளத்தோடு ஒட்டித் துளை அடைந்துபோகும். கலவை: செம்மண் 5 லிட்டர், மணல் 4 லிட்டர், கால் அங்குலச் சல்லியோ உடைத்த செங்கல் பொடிச் சில்லோ 2 லிட்டர், நன்றாக மக்கிய இலைமட்கு 1 லிட்டர். எம்-சாண்ட் வாங்கினால் வாளியில் போட்டு, கலங்கல் தெளியும்வரை அலசுங்கள். அதிலுள்ள மாவுத்தூள் காய்ந்தபின் சிமென்ட் போல இறுகிவிடும். நகரத்தில் செம்மண் என்று வரும் மூட்டையையும் சோதியுங்கள். ஒரு பிடியை ஈரமாக்கி, பென்சில் தடிமனுக்கு உருட்டினாலும் உடையாமல் நின்றால் களி அதிகம், மணலை இன்னும் 2 லிட்டர் கூட்டுங்கள்.

நிரப்பிய பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மேலே தேங்கியது அரை நிமிடத்துக்குள் இறங்க வேண்டும். ஒரு நிமிடம் கழித்தும் குளமாக நின்றால் செடி வைக்காதீர்கள், கொட்டிக் கலக்கித் திரும்ப நிரப்புங்கள்.

ஒரு தொட்டிக்கு மூன்று நாற்று. செய்தித்தாள் குழாயோடு அப்படியே இறக்குங்கள், அடி மடிப்பை மட்டும் கிழித்துவிடுங்கள். தாளின் விளிம்பு மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் ஈரத்தை உறிஞ்சி ஆவியாக்கும், அதையும் கிள்ளிவிடுங்கள். ஆறு மணி நேரம் நேர் வெயில் கட்டாயம் வேண்டும்.

கேட் ஓரக் களிமண்

இங்கே பலர் செய்வது, ஒன்றரை அடிக்குக் குழி தோண்டி நல்ல மண்ணை நிரப்புவது. களிமண்ணில் தோண்டிய குழி மழைக்குத் தண்ணீர்த் தொட்டிதான், சுற்றிலும் உள்ள நீரெல்லாம் அதில் இறங்கி நிற்கும். தோண்டாதீர்கள், உயர்த்துங்கள். முழு இடமும் வேண்டாம், வெயில் அதிகம் விழும் பக்கம் இரண்டடிக்கு ஆறடி போதும். கோரை இருந்தால் முதலில் கிழங்கோடு எடுக்க வேண்டும். மேலே வெட்டிவிட்டு மண்ணைக் கொட்டினால் ஒரு மாதத்தில் துளைத்துக்கொண்டு வரும். களிமண்ணை நான்கு அங்குலம் கொத்திவிட்டு, உடைந்த செங்கல்லால் எல்லை கட்டி, தொட்டிக்குச் சொன்ன அதே கலவையை 8 அங்குல உயரம் நிரப்புங்கள். சுமார் 225 லிட்டர் பிடிக்கும். செடிக்குச் செடி ஓரடி.

மேய்ச்சல் தரையில் இது நன்றாக இருப்பதற்குக் காரணம் ஆடுகள். புல்லை ஆடு கடித்துக் கட்டையாக வைத்திருப்பதால், தரையோடு கிடக்கும் கொடிக்கு வெயில் கிடைக்கிறது. கேட் ஓரத்தில் ஆட்டின் வேலையை நீங்கள் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கொரு முறை பக்கத்துப் புல்லை இரண்டங்குலத்துக்குக் கத்தரியுங்கள். அருகம்புல் பாத்திக்குள் கால் வைத்தால் அன்றே எடுங்கள். துணைக்கு ஓரிதழ்தாமரை வைக்கலாம், அதுவும் இதே தரையில் வளர்வது, ஒன்றையொன்று அமுக்காது. தும்பை வேண்டாம், இரண்டடி உயர்ந்து நிழல் கட்டிவிடும்.

தண்ணீர், உரம்

நட்ட முதல் மூன்று வாரம் மண் முழுக்கக் காயவிடாதீர்கள். வேர் பிடித்த பிறகு விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பார்த்து, அதுவரை காய்ந்திருந்தால் மட்டும் அடியில் வடியுமளவு ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட இது நல்லது. வேர் ஆழத்துக்குப் போகும். புயல் மழை விடாமல் பெய்யும் நாட்களில் தொட்டியைக் கூரைக்குக் கீழே நகர்த்துங்கள். உயர்த்திய பாத்தியை அப்படியே விடலாம்.

சித்திரை, வைகாசியில் கொடி காய்ந்து சுள்ளியாகும். செத்துவிட்டது என்று தொட்டியைக் காலி செய்வது இந்தக் கட்டத்தில்தான். அடிக்கட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சையோ வெளிர்மஞ்சளோ தெரிந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்ததை ஓரங்குலம் விட்டு வெட்டிவிட்டு, வாரம் ஒருமுறை அரை லிட்டர் ஊற்றுங்கள். தரையில் உள்ளதற்கு மாதம் இரண்டு முறை போதும். மழை வந்ததும் துளிர்க்கும்.

உரம்: மழைக்கு முன் தொட்டிக்கு ஒரு கைப்பிடி மக்கிய இலைமட்கு. அவ்வளவுதான். ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம், பிண்ணாக்குக் கரைசல், டிஏபி எதுவும் வேண்டாம். தழைச்சத்து ஏறினால் கணு இடைவெளி நீண்டு, இலை மென்மையாகி, பூ குறைந்து, மாவுப்பூச்சி தேடி வரும். வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி உதிர்த்துவிடுங்கள். அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டு திரவ சோப்பு, மாலையில் தெளியுங்கள். ரோம இலையில் சோப்பு தங்கிக் கருக்கும் என்பதால் மறுநாள் காலை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மழைக்கால நத்தைக்கு மருந்தைவிட, இரவு எட்டு மணிக்கு டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதே பலன் தரும்.

விதைத்து இரண்டு மூன்று மாதத்தில் பூ வரும். ‘இலை இருக்கிறது, பூவே இல்லை’ என்பவர்கள் எத்தனை மணிக்குப் பார்க்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். இந்தப் பூ காலையில் விரிந்து, வெயில் ஏறி மதியம் ஆவதற்குள் சுருண்டுவிடும். அலுவலகம் விட்டு வந்து பார்த்தால் பூத்த தடயமே இருக்காது. காலை எட்டிலிருந்து பத்துக்குள் பாருங்கள், சிறு தேனீக்கள் வருவதையும் காணலாம். அப்போதும் இல்லையென்றால் வெயில் போதவில்லை அல்லது உரம் அதிகம்.

காய்ச்சல் கஷாயத்துக்கு வீட்டில் பறித்துப் போடலாமா என்ற எண்ணம் வரும். நர்சரிச் செடியை எந்தக் காரணத்துக்கும் மருந்தாக்காதீர்கள். நம்மூர்ச் செடியானாலும் அளவும் சேர்மானமும் சித்த மருத்துவர் சொல்ல வேண்டியவை. டெங்கு நாட்களில் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுக் கஷாயத்தில் இறங்குவது ஆபத்து.

முதல் வருடக் காய்களில் பாதியை வெடித்துச் சிந்தவிடுங்கள். அடுத்த மழையில் தொட்டியின் விளிம்பிலும் பக்கத்துத் தொட்டியிலும் தானாக முளைக்கும். களை எடுக்கும்போது, சிறிய நீள்வட்ட இலையில் வெள்ளி ரோமம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள். இடம் மாற்ற வேண்டுமானால் நான்கு இலைக்கு மேல் வளருமுன், கரண்டியால் மண்ணோடு மூன்றங்குல ஆழத்துக்குத் தோண்டி எடுத்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் முளைத்த இடத்திலேயே விட்டுவிடுவது நல்லது.